நாலு எறும்பு

டெல்பின் ஸ்டான்லியில் நைட் டூட்டி முடித்து
வீட்டுக்கு வராமல் தண்டையார்பேட்டை போவாள்.
கீழே பஞ்சர் கடை, மாடியில் ஜப்பான் மொழி.
தேறினால் ஒசாகாவில்
முதியோர் இல்லத்தில் வேலை.

வகுப்பில் ஒரு பென் டிரைவ் கொடுத்தார்கள்,
நாற்பது குழந்தைப் பாட்டு.
வீட்டோடு சேர்ந்து பாடுங்க, நாக்கு பழகும் என்றார்களாம்.
வீடு என்றால்
காசிமேட்டில் போட் இன்ஜின் பார்க்கிற நான்,
ஏழாவது படிக்கிற ஆக்னஸ்,
பல் விழுந்த ஜெரால்டு.

கிரீஸ் கையோடு பாடினேன்.
மலைக்கு யமாவாம்.
விளக்கு வைக்கிற நேரத்தில் அவனை ஏன் கூப்பிடுறீங்க என்று
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சகுந்தலா அக்கா கத்தினாள்.
அப்பாவுக்கு சிச்சி.
அதற்குமேல் ஒரு வாரம் ஜெரால்டு என்னை
வேறு பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.
கடலுக்கு உமி.
ஆறு நாள் தங்கல் போய் வந்த போட்டில்
ஐஸ் மட்டும் இறங்கியதைப் பார்த்தவன் நான்.
சரியான பேர்தான் வைத்திருக்கிறார்கள்.

எங்களுக்கு ஒட்டியது எறும்புப் பாட்டு.
எறும்புக்கு அரி.
ஒருத்தர் முதல் வரியை முடிக்கும்போது
அடுத்தவர் அதே முதல் வரியில் ஏறணும்,
அவர் பின்னால் இன்னொருவர்,
கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் நகருமே
அந்த மாதிரி.
முந்தக் கூடாது. காத்திருக்கவும் கூடாது.

நான் முந்திவிடுவேன்.
இன்ஜின் காரன் காதுக்கு எல்லாம் ஒரே சத்தமாக ஓடணும்,
தனித்தனியாகக் கேட்டால் எங்கோ போல்ட் லூஸ்.
டெல்பின் என் தொடையில் தட்டி நிறுத்துவாள்.
நிறுத்தினால் ஆக்னஸ் தடுமாறுவாள்,
ஜெரால்டு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு
எந்த எறும்பையும் பார்க்காமல் கடைசி வரைக்கும் போவான்.

ஒருநாள் ரேஷன் பையைப் பிரிக்கும்போது ஆக்னஸ் சொன்னாள்:
அரின்னா எறும்பு, சின்னா நாலு.
அப்ப அரிசின்னா நாலு எறும்பு. நாமதான்.
நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.
டெல்பின் சிரிக்கவில்லை.
சி சொல்லாதடி. சாவுக்கும் அதே சத்தம்.
வார்டுல நாலை யோன்னுதான் சொல்லணும்.
சொல்லிவிட்டு, உலையில்
வழக்கத்தைவிட ஒரு பிடி கூடப் போட்டாள்.

ஐப்பசியில் போனாள்.
பெட்டியில் கருவாடு வைக்கவிடவில்லை, நாறுமாம்.
ஊறுகாய் வைத்தாள்.

முதல் மாசம் போனில் பேச்சே ஓடவில்லை.
நாங்கள் கேட்டது அவளுக்குப் போய்ச் சேருவதற்குள்
அடுத்ததைக் கேட்டுவிடுவோம்,
அவள் பதில் எங்கள் கேள்வி மேல் வந்து மோதும்.
நீ பேசு, இல்ல நீ பேசு,
பிறகு இரண்டு பக்கமும் சும்மா.
நெட்டைத் திட்டினேன்.
எண்ணூர்ப் பக்கம் டவர் சரியில்லை என்றேன்,
எனக்கு என்ன தெரியும்.

ஜெரால்டுதான், சோற்றுத் தட்டோடு,
யாரையும் கேட்காமல் எறும்புப் பாட்டை ஆரம்பித்தான்.
ஒரு வரி தள்ளி ஆக்னஸ்.
அந்த வரி கடல் தாண்டிப் போய்
தாமதமாகத் திரும்பி வந்தபோது
அதில் டெல்பின் இருந்தாள்.
சரியான இடத்தில் இருந்தாள்!
நான் கடைசி எறும்பு.
வாழ்க்கையில் முதல் தடவை முந்தவில்லை.

இங்கே மாலை ஐந்தரை, அங்கே ராத்திரி ஒன்பது.
பாட்டு முடியணும். முடியவில்லை.
எனக்கும் பின்னால் ஒரு குரல் வந்துகொண்டிருந்தது,
பல் இல்லாத, மெதுவான,
சொல் ஒன்றுகூடத் தப்பாத ஆம்பளைக் குரல்.

யாரும்மா அது?

தூங்க மாட்டேங்கிறாரு, ஏழாம் நம்பர் பெட், என்றாள்.
மூணு வாரமா வாயே திறக்கல.
வைக்காதீங்க, இன்னும் ரெண்டு வரி இருக்கு அவருக்கு.

ஜெரால்டு தட்டில் விரலால் எண்ணினான்.
நாலைச் சத்தமில்லாமல் தாண்டினான்.