நாலாம் லேன்

வார லீவு. மாடி வீட்டு லேப்டாப்பை இரவல் வாங்கி
அரிசி மூட்டை மேல் சாய்த்து நிறுத்தினாள் கனிஷ்கா.
ஜப்பான்காரங்க படமாம்.
பொம்மைப் படமா என்றதற்கு முறைத்தாள்:
“அனிமேம்மா.”

கீழே ஓடுகிற இங்கிலீஷ் எழுத்து
நான் கூட்டிப் படிப்பதற்குள் போய்விடுகிறது.
அதனால் அவள் வாசிக்கிறாள், தமிழில்,
எல்லாருக்கும் ஒரே குரலில்.
கடலோரத்து ஊர். மீன் கம்பெனியில் வேலை பார்க்கிற அம்மா
திருமங்கலத்துப் பேச்சில்
“அங்கிட்டு என்னடி பண்றே” என்று மகளைக் கூப்பிடுகிறாள்.
ஸ்டேஷன் மாஸ்டர்கூட
“இந்தா வந்துரும், செத்த இருங்க” என்கிறார்.

அரை மணி நேரம் ஆயிற்று.
துணி காயப் போட்டார்கள். மழை வந்தது.
துணியை எடுத்தார்கள்.

“கதை எப்ப ஆரம்பிக்கும்?”
“இதாம்மா கதை.”
“வில்லன்?”
“கிடையாது.”
“அந்தப் பிள்ளையோட அப்பா?”
எழுத்து ஓடிக்கொண்டிருந்தது, அவள் வாசிக்கவில்லை.
“அவரைப் பத்தி ஒண்ணும் வரல.”

சாப்பாட்டு டப்பாவைத் துணியில் முடிகிற அவசரத்தில்
அந்தப் பொம்பளை அடுப்பை அணைக்காமல் வெளியே போனாள்.
“ஏத்தா, அடுப்பு!”
கத்தியே விட்டேன்.
கேட்டதுபோல வாசலிலிருந்து திரும்பி வந்து
செருப்போடு நின்று அணைத்தாள்.

டோல்கேட்டில் நான் பார்ப்பது கைகளை.
எட்டு மணி நேரம் கைகள்.
மோதிரம் இறுகிய கை, கிரீஸ் கை,
உள்ளூர் வண்டிக்கு எதுக்குய்யா காசு என்று
கம்பியில் தட்டுகிற கை.
முகம் பார்க்க நேரமிருக்காது.
இந்தப் படத்தில் கையை நன்றாக வரைந்திருக்கிறார்கள்.
முட்டையை உடைக்கும் முன்
கட்டைவிரல் லேசாகத் தயங்குகிறது.

கடைசிக்குக் கொஞ்சம் முன்னால்
ஒருநாள் அவள் அசந்து தூங்கிவிடுகிறாள்.
பிள்ளை வெறும் பையோடு பள்ளிக்கூடம் கிளம்பிவிட்டது.
டப்பாவைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுகிறாள்.
ரயில் போய்விட்டது.
பெஞ்சில் உட்கார்ந்து
மகளுக்குக் கட்டியதை அவளே தின்கிறாள்.
பாட்டில்லை. கடல் சத்தம், மெல்லுகிற சத்தம்.
கீழே எழுத்தே ஓடவில்லை.
கனிஷ்கா சும்மா இருந்தாள்.
அந்த ஒரு இடம்தான் நானாகப் பார்த்தது.

“அழுதியா?”
“இல்ல. முந்தின ராத்திரியிலருந்து
அவ ஒண்ணும் சாப்பிடல, கவனிச்சியா?”
அவள் கவனித்திருக்கவில்லை.
திருப்பி ஓட்டிப் பார்த்தாள்.
ஆமாம், தட்டு காலியாகத்தான் இருந்தது,
முதலிலிருந்தே.

திங்கட்கிழமை ஆறு மணி ஷிப்ட்.
ஏழு நாற்பதுக்கு அவள் ஸ்கூல் பஸ் என் லேனில் வரும்.
முன்பெல்லாம் நிற்கும். சீட்டுக் கிழித்துச் சில்லறை எண்ணுகிற சாக்கில்
சடை சரியாகப் போட்டிருக்கிறாளா என்று பார்த்துக்கொள்வேன்.
இப்போது கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரை
மெஷின் பார்த்துக்கொள்கிறது. கட்டை தானாக எழும்புகிறது.
அவளும் எப்போதும் அங்கிட்டுப் பக்கம்,
தோழிகளோடு, வெறும் பின்னந்தலை.

இன்றைக்கு இங்கிட்டு ஜன்னல்.
கண்ணாடியில் மூக்கை வைத்து
வாயசைத்து ஏதோ சொன்னாள். நீளமாக.
கீழே எழுத்தில்லை.
எதுவானாலும் சரி என்று
தலையாட்டினேன்.
பஸ் போன பிறகும் ஆட்டியிருப்பேன்போல,
பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

அன்று பூராவும் அதை வைத்துக்கொண்டே
ரசீது கிழித்தேன். ஒருத்தரோடும் சண்டையில்லை.

சாயங்காலம் பூண்டு உரித்தபடி, சும்மா கேட்பதுபோல்:
“காலைல என்னமோ சொன்னியேடி?”

“தண்ணிப் பாட்டிலை மறந்துட்டேன்,
உன்னோடதைத் தூக்கிப் போடுன்னேன்.
நீ பாட்டுக்கு
ஆமா ஆமாங்குற.”