களை

ராயக்கோட்டை மண்டியில்
பெட்டி முப்பது ரூபாய்க்குப் போன அன்று
தக்காளியை இறக்காமலே திரும்பினேன்.
ரோட்டில் கொட்டியது நானில்லை,
எனக்கு முன்னால் போன வண்டி.
என்னுடையதை மாடு தின்றது.
மூன்றாம் நாள் அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அந்த ஒன்றரை ஏக்கரில்
இந்த ஆவணியில் புல் விதைக்கிறேன்.

"புல்லா?" என்றாள் கெம்பம்மா.
"புல்லுதான். கொழுக்கட்டைப் புல்லு."
"காசு குடுத்தா வாங்கின?"
மத்திகிரிப் பண்ணையில் என்றேன்.
கிலோ என்ன விலை என்று சொல்லவில்லை.
அதற்கே வரப்பில் உட்கார்ந்து சிரித்தாள்,
கண்ணில் தண்ணீர் வரும்வரை.

பத்தொன்பது வருடமாய் இந்த நிலத்தில் களையெடுக்கிறவள்.
குனிந்து, தூரைப் பற்றி, மண் உதறி
வரப்பில் வீசுகிற கை.
வீசியதில் பாதி இதுதானாம்.

உள்ளங்கையில் கொஞ்சம் வாங்கி
மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறாள்.
விதை என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை.
பூனை படுத்து எழுந்த சாக்கில்
ஒட்டிக் கிடக்கும் மயிர்.
"இதுல கொழுக்கட்டை எங்க?"
எனக்கும் தெரியாது.
கதிர் வந்தால் அணில் வால் போல் நிற்கும்,
நுனியில் லேசாக ஊதா.

காற்றடித்தால் அத்தனையும் திம்மராயன் கொல்லைக்குப் போய்விடும்.
ஈர மணலில் பிசைந்து தூவச் சொன்னார்கள்.
ஆழம் வேண்டாம், நகம் மறைந்தால் போதும்.
புது விதை முளைக்காது,
ஆறு மாதம் மூட்டையில் கிடந்து
அதற்குக் கோபம் ஆறவேண்டும்.

"தண்ணி?" என்கிறேன்.
"தண்டவாளத்து ஜல்லியில நிக்குது,
குவாரிக்காரன் கொட்டின கல்லு மண்ணுல நிக்குது,
டோல்கேட்டுல, நடுவுல வெச்ச அரளிக்கு அடியில.
அங்கெல்லாம் யாரு தண்ணி விட்டா?"

மறுநாள் உரப்பையில் பாதிக்கு விதையோடு வந்தாள்.
போன மாசியில்
ரயில் பாதை ஓரம் பால் கறக்கிற மாதிரி
கதிரை உருவி வைத்ததாம்,
தலையணைக்கு.
"மத்திகிரிக்குக் குடுத்ததுல பாதி குடு."
விலையை எங்கேயோ விசாரித்திருக்கிறாள்.

கொடுத்தேன்.
கூலி எவ்வளவு என்றாள்.
களைக்கு உள்ளதுதான் என்றேன்.
"எடுத்தாலும் அதே கூலி,
போட்டாலும் அதே கூலியா" என்றபடி
முந்தானையில் மணலை அள்ளிக்கொண்டாள்.

தூவிக்கொண்டே போனவள்
நடுக்கொல்லையில் குனிந்து
எதையோ பிடுங்கினாள், மண்ணை உதறினாள்,
கையை ஓங்கியவள்
அப்படியே நின்று என்னைப் பார்த்தாள்.
அதே புல்.
குழி பறித்துத் திரும்ப வைத்து
குதிகாலால் மிதித்தாள்.

புரட்டாசி இரண்டு மழை தந்தது.
கார்த்திகையில் முதல் அறுப்பு.
பதினோரு ஆடு வாங்கினேன்.
சிரித்தவர்களில் திம்மராயன்தான் முதலில் வந்தான்,
ஆலம்பாடிக் கன்றுக்கு ஒரு கட்டு கேட்டு.
பங்குனி வெயிலில் வைக்கோல் நிறமாகி
செத்தது என்று நினைத்தேன்.
தூரைக் கிள்ளிப் பார்த்த கெம்பம்மா
"தூங்குது" என்று மட்டும் சொன்னாள்.

சித்திரையில் ஒரே இரவு மழை.
புல்லுக்கு முன்னால் அது எழுந்துவிட்டது,
பழைய அழுகலிலிருந்து, வரிசை இல்லாமல்,
தக்காளி.

"களையெடுக்கணும்."
"எதை?"
நான் சொல்லாமல் நின்றேன்.
அவளும் கேட்காமல் குனிந்தாள்.
எதற்காக முதுகு ஒடிந்தாளோ
அதைத் தூரோடு பிடுங்குகிறாள்.
விரலில் அந்தப் பச்சைக் கறை, அந்த வாசம்.
ஆனால் வரப்பில் எதுவும் விழவில்லை.
எல்லாம் மடிக்குப் போகிறது.

"எதுக்கு?"
"பாத்திரம் கழுவுற தண்ணி போற இடத்துல
நாலு நட்டு வெக்கறேன். கொழம்புக்கு ஆகும்."

வேலிக்கு அந்தப் பக்கம் திம்மராயன் போனில் கத்துகிறான்:
மண்டியில் பெட்டி எழுநூறாம்.

கெம்பம்மா நிமிரவில்லை.
அவள் கை மட்டும்
ஒரு செடியைத் தாண்டிப் போகிறது.