எர்த்

ஆம்ப்ளிஃபையரைப் போட்டதும்
பாட்டுக்கு முன்னால் அது வரும்.
ம்ம்ம்ம்.
வந்த விஷயத்தைச் சொல்லாமல்
தொண்டையைக் கனைத்துக்கொண்டே
உட்கார்ந்திருப்பவர் மாதிரி.

ஐம்பது ஹெர்ட்ஸ்.
நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளன்.
சத்துவாச்சாரி முழுக்க மீட்டர் படித்துவிட்டு
ராத்திரி மாடியறைக்கு வந்தால்
ஸ்பீக்கருக்குள் என் ஆபீஸ்.

வயரை மாற்றினேன்.
விலையைத் தமயந்தியிடம் பாதியாகச் சொன்னேன்.
அந்தப் பாதிக்கே அவள்
துணி மடிப்பதை நிறுத்தினாள்.

லாங் பஜார் அன்சர் பாஷா
மூடியைக் கழற்றி, டிரான்ஸ்பார்மரைத் திருப்பி,
காதை ஒட்டவைத்துக் கேட்டார்.
"பொட்டி மேல தப்பு இல்ல சார்.
உங்க ஊட்ல எர்த்து இல்ல."
மின்வாரியத்துக்காரன் வீட்டில்.

முனிரத்தினம் கடப்பாரையோடு வந்தான்.
மூன்றடி மண். அப்புறம் பாறை.
இந்த ஊரில் எங்கே தோண்டினாலும்
கீழேயும் மலைதான் படுத்திருக்கிறது.
"பாட்டு கேக்கறதுக்கா சார் பள்ளம்?"
உப்பும் கரியும் கொட்டினோம்.
தினம் ஒரு குடம் ஊற்றணும் என்றான்.
சித்திரை மாசம், லாரித் தண்ணீர்.
குழிக்கு நான் ஊற்றுவதை
கீழ்வீட்டு வரதராஜுலு
பல் தேய்ப்பதை மறந்து பார்ப்பார்.

இடது ஸ்பீக்கர் மேல் மணிபிளான்ட் வந்தது.
"சும்மாதானே நிக்குது" என்றாள்.
நாற்காலிக்குத் தரையில் சாக்பீஸ் குறி உண்டு.
வீடு கூட்டும் நாளில் அது அரை அடி நகரும்.
பாடகி உடனே ஜன்னலைத் தாண்டிப் போய்
பைபாஸில், டிப்பர் லாரிகளுக்கு நடுவே
நின்று பாடுவாள்.

ஆற்காட்டிலிருந்து சகலை வந்தபோது
அவர் பையன் ட்வீட்டரின் தொப்புளை
ஒரு விரலால் உள்ளே அழுத்தினான்.
நான் ஓடி வருவதற்குள்
ஜோடி சேரட்டும் என்று அடுத்ததையும்.
சகலை, பேஸ் ஏத்துங்க என்றார்.
விலை கேட்டார். சிரித்தார்.
அதே பாட்டைத் தன் போனில் போட்டு
"இதுவும் நல்லாத்தான் கீது" என்றார்.
நன்றாகத்தான் இருந்தது.
போனுக்கு எர்த் வேண்டியதில்லை.

தமயந்திக்கு ஆஸ்பத்திரியில்
காது சோதிக்கும் வேலை.
ஒரு சனிக்கிழமை, கூட்டம் இல்லாத மதியம்,
என்னையும் கூண்டுக்குள் உட்காரவைத்தாள்.
சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தணும்.
அழுத்தினேன். அழுத்தினேன்.
அப்புறம் வெகுநேரம்
ஒன்றும் அனுப்பாமல் இருக்கிறாளே என்று
கண்ணாடி வழியே பார்த்தேன்.
அவள் அனுப்பிக்கொண்டுதான் இருந்தாள்.

பதினோராயிரத்துக்கு மேல் எனக்கு எதுவும் இல்லை.
நாற்பதாயிரம் வரை பாடும் ட்வீட்டர்.
இன்னும் நாலு தவணை பாக்கி.
அவள் அந்தக் காகிதத்தை நாலாக மடித்து
டிபன் பையில் வைத்துக்கொண்டாள்.
சகலையிடம்கூடச் சொல்லவில்லை.

ஐப்பசிக் கடைசியில்
பாலாறு வந்தது.
ஊரே பாலத்தில் நின்று
தண்ணீரைப் போட்டோ எடுத்தது.
ஐந்து நாள் விடாத மழை.
குழிக்குக் குடம் தூக்கவில்லை.

ஆறாம் நாள் ஸ்விட்சைப் போட்டேன்.
சிவப்பு விளக்கு எரிந்தது.
ஒன்றும் வரவில்லை.
ஃபியூஸ் போயிற்று என்றே நினைத்தேன்.
வால்யூமைக் கடைசிவரை திருப்பிப்
பார்த்தேன்.
ஃபியூஸ் இருந்தது. மண் நனைந்திருந்தது.

தமயந்தியைக் கூப்பிட்டு
நாற்காலியைக் கொடுத்தேன்.
நான் தரையில், சாக்பீஸ் கோட்டுக்குப் பக்கத்தில்.
"என்ன கேக்கணும்?"
"ஒண்ணுமில்ல. அதைத்தான்."

மணிபிளான்டைப் பார்த்துக்கொண்டே
கொஞ்ச நேரம் கேட்டாள்.
பிறகு தயங்கி,
"மெலிசா ஒரு விசில் வருதே" என்றாள்.
"உங்களுக்குக் கேக்காது."

இடதிலா வலதிலா
என்று கேட்டேன்.