கொருக்குப்பேட்டை கேட், மாலை 5.40

ஆம்ஸ்டர்டாமில் இப்போது மணி இரண்டு பத்து.
டெரன்ஸ் டிராமிலிருந்து இறங்கியிருக்க வேண்டும்.
கரன்ட் பில்லின் பின்பக்கத்தில்
நான்தான் எழுதி, படமெடுத்து அனுப்பினேன்:
கப்பலை விட்டு இறங்கி விமானம் ஏறும்வரை
ஏழு மணி நேரம், முப்பது யூரோ.
மியூசியம், வெளியிலிருந்து மட்டும்.
சர்ச்சில் காசு கேட்காவிட்டால் உள்ளே போ.
ரொட்டியும் வாழைப்பழமும் மளிகைக் கடையில்.
ஒன்றுக்குப் போக எழுபது சென்ட்டாம்,
அடக்கிக்கொள்.

கேட் விழுந்து பதினெட்டு நிமிடம்.
எண்ணூருக்கா எங்கே என்று
தனக்கே தெரியாதது மாதிரி
நின்று நின்று நகர்கிறது கூட்ஸ் வண்டி.
தைத்து முடித்த நைட்டிகள் நாற்பது
ஸ்கூட்டியில் என் காலடியில்.
எம்.சி. ரோட்டுக்காரர்
ஆறுக்கெல்லாம் கணக்கை மூடிவிடுவார்.
பக்கத்து ஷேர் ஆட்டோவில் ஒருத்தி
அழுகிற பிள்ளைக்கு வேகன் எண்ணக் கொடுத்திருக்கிறாள்.
முப்பத்தொண்ணு. முப்பத்திரெண்டு.

இரண்டு இருபதுக்குப் பூச்சந்தை.
இரண்டரைக்கு இலவசப் படகு,
அக்கரையில் இறங்காதே, அதிலேயே திரும்பு.

போன் அதிர்கிறது.
படத்தில் பூ இல்லை.
நடுவில் பிளந்து
வானத்தைப் பார்த்து நிற்கிறது ஒரு பாலம்.
கீழே மணல் ஏற்றிய படகு, அவசரமே இல்லாமல்.
சிவப்பு விளக்கு, குறுக்கே கம்பு,
சைக்கிளில் காலூன்றி நிற்கிற ஜனம்.

"இங்கயும் கேட்டு போட்டுட்டானுங்கக்கா.
பத்து நிமிசமாச்சு.
ஒரு ஹாரன் சத்தம் இல்ல, பயமா கீது."

எனக்குப் பின்னால் அடித்துக்கொண்டிருந்ததை
ஒரு நிமிடம் பிடித்து
அவனுக்கு அனுப்பினேன்.

முப்பத்தேழு, என்றது பிள்ளை.