லா வரவேண்டிய இடம்

எனக்கு ஒரு பாட்டுக்கும் ராகம் தெரியாது.
நாற்பது பாட்டுக்கு ஆல்ட்டோ தெரியும்.

பாத்திரம் கழுவும்போது முனகினால்
மருமகள் எட்டிப்பார்ப்பாள்:
எந்தப் பாட்டு அத்தை இது?
பேரைச் சொன்னால் நம்பமாட்டாள்.
அவளுக்கு ஆல்ட்டோ என்றால் கார்.
பாட்டுக்க முதுகு பிள்ளே இது என்பேன்,
தையல் தெரியும் பக்கம்.

பாகோட்டில் அண்டியாபீசு விட்டுவந்த
பதினொரு பெண்களை
சாயங்காலம் ஆறரைக்கு
ஆலயத்துப் பின்பெஞ்சில் உட்காரவைத்தாள்
ரோஸ்லெட் டீச்சர்.
இருபத்தாறு வயசு, எங்களில் பலருக்கும் இளையவள்.
எனக்கு முப்பத்திரண்டு, இரண்டு பிள்ளைகள்,
தோட்டுக் கறையில் பத்து விரலும் கறுத்து
புத்தகத்தைத் தொடக் கூச்சம்.
தொடுங்க எக்கா, கறை பட்டா நல்லது,
நாளைக்குப் பக்கம் தேட வேண்டாம் என்றாள்.

கையால் படித்தோம் முதலில்.
டோவுக்கு மூடிய முட்டி.
மிக்கு மேசைபோல் படுத்த கை.
சோவுக்கு உள்ளங்கை நெஞ்சைப் பார்க்கும்.
லாவுக்கு மணிக்கட்டு ஒடிந்து
துவைத்த துணிபோலத் தொங்கும்.
ஆபீசில் சூப்பர்வைசர் கத்தும்போது
மடிக்குள் விரலால் பேசிக்கொள்வோம்.
அவனுக்கு நாங்கள் வைத்த பேர் தாழ்ந்த டீ.

எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு எடுக்காதீங்க,
இவ எடுக்கும்போது அவ பிடிக்கணும்,
கேக்கிறவங்களுக்கு அறுந்தது தெரியக்கூடாது.

போனஸுக்காக வாசலில் உட்கார்ந்த வருஷம்
முப்பத்தெட்டு நாள், நல்ல மழை.
ஒருத்தி பால் கொடுக்க ஓடுவாள்,
ஒருத்தி ஆட்டுக்குக் குழை ஒடிக்க.
முறை யாரும் எழுதிவைக்கவில்லை.
சங்கத்துக்காரர் வந்து எண்ணும்போதெல்லாம்
வரிசை நிறைந்தே இருந்தது.
எப்படி என்று கேட்டார்.
பாட்டு படிப்போம் என்றோம்.
அவருக்கு விளங்கவில்லை.

இப்போது வெட்டூர்ணிமடத்தில் மகன் வீடு.
இந்தச் சபைப் பாடகர் குழுவில்
ஜோயல் தம்பிக்கு இருபத்துமூன்று வயசு, கீபோர்டு, நல்ல காது.
மூன்றாம் வரியில் கையைத் தூக்கி நிறுத்தினான்.
ஆன்ட்டி, அங்க லா. நீங்க சோ படிக்கிறீங்க.
முப்பத்தைந்து வருஷமாக சோ தான் தம்பி.
புத்தகத்தைத் திருப்பிக் காட்டினான்.
லா.

அன்று தூக்கம் இல்லை.
பாகோட்டில் அந்த இடம் வரும்போது
பேஸ் ஆண்கள் ஃபாவில் நிற்பார்கள்,
எங்கள் சோ அவர்கள்மேல் உரசும்,
கஞ்சியில் சிறுகல் கடித்ததுபோல.
அதுதான் பாட்டு என்றிருந்தேன்.
பிறகு எங்கே அந்தப் பாட்டைக் கேட்டாலும்
கல் இல்லாமல் சப்பென்றிருந்தது எனக்கு.

காலையில் பெங்களூருக்குப் போன் போட்டேன்.
மகள் வீட்டில் குக்கர் சத்தம், அதற்கு மேலே டீச்சர்.
லாதான் எக்கா. அப்பவே தெரியும்.
பின்னே?
உங்க வரிசையில ரத்தினபாய் இருந்தாள்லா,
நெய்யூர்ல கழலை ஆபரேஷன் கழிஞ்சு வந்தவ.
லாவுக்கு ஏறினா தொண்டை கீறிப்போகும்.
நிறுத்திட்டுத் தலையைக் குனிஞ்சுக்குவா.
மூணு வாரம் பாத்தேன்.
பிறகு உங்க அஞ்சு பேரையும் ஒரு படி இறக்கிட்டேன்.
தப்புதான்.
குக்கர் இன்னொரு விசில் அடித்தது.
ரத்தினபாய் சுகமா இருக்காளா எக்கா?

ஒன்பது வருஷமாச்சு என்று சொல்ல வரவில்லை.
இருக்கா என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை.
மூன்றாம் வரி வருமுன்பே
ஜோயல் என்னைத்தான் பார்த்தான்.
லா பாடினேன். சிரமமே இல்லை,
என் தொண்டைக்கு அது என்றைக்கும் எட்டுகிற உயரம்தான்.
அவன் முகம் மலர்ந்தது.

புத்தகத்துக்கு அடியில் இடதுகை மட்டும்
உள்ளங்கையை நெஞ்சுக்குத் திருப்பி
சோ பிடித்துக்கொண்டிருந்தது.