நாலு போட்டு ஒன்றைக் கழி

விதி இவ்வளவுதான்:
நாலு கட்டையை உருட்டு,
ஆகச் சின்னதைக் கழி,
மிஞ்சிய மூன்றையும் கூட்டு.
ஆறு தரம்.
விழுந்த வரிசையிலேயே எழுது, மாற்றி வைக்க ஏலாது.

கட்டைகள் புறக்கோட்டையில் வாங்கிய லூடோப் பெட்டியில் வந்தவை.
ஒன்று பச்சை, இரண்டு வெள்ளை.
நாலாவது ருஷ்தியின் மகளுடையது,
மூலையில் பாற்பல்லின் அடையாளம்.

வெள்ளவத்தை, ஐந்தாம் மாடி, கடற்பக்கம்.
ஞாயிற்றுக்கிழமைகளில் லிஃப்ட் கோபித்துக்கொள்ளும்.
ஏறி வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர்,
பிறகு மாலுபணிஸ்,
அதற்குப் பிறகுதான் பிறப்பு.

தலையெழுத்து என்கிறோம்,
எச்.பி. பென்சிலால் எழுதி
அழிறப்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

ருஷ்திக்கு வலிமை பதினேழு. மற்றவை சுமார்.
துறைமுகத்தில் கணக்கெழுதுகிறவன்
தன் மணிக்கட்டைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

திலினி "ஹய! ஹய!" என்று கத்தி உருட்டினாள்.
கட்டைக்குச் சிங்களம் விளங்கவில்லை.
இரண்டு, இரண்டு, ஒன்று, ஒன்று.
அறிவு: ஐந்து.
"பாவம், இவளுக்குத் தன் பெயரையே எழுதத் தெரியாது"
என்று சந்தோஷமாகக் குறித்தாள்.
விடிந்தால் அவளுக்குக் களுபோவில ஆஸ்பத்திரியில்
இருபத்துநாலு மணிநேர டியூட்டி.

நிமலரூபன் உருட்டவில்லை.
கட்டைகளை உள்ளங்கையில் வைத்தபடி
"இது நியாயமில்லை" என்றான்.
"எல்லோருக்கும் ஒரே அளவு புள்ளி கொடு,
விரும்பினபடி பிரித்துக்கொள்வோம்.
இங்கேயாவது ஆட்கள் சமனாய்ப் பிறக்கட்டும்."

அவன் எந்தப் புள்ளியைப் பற்றிப் பேசுகிறான் என்று
மேசையில் எல்லோருக்கும் தெரியும்.
இசட் புள்ளி, இரண்டாம் தசமம், கொழும்பு மாவட்டம்.
வேறொரு மாவட்டத்து வாங்கில் இருந்து எழுதியிருந்தால்
திலினியோடு ஒரே வகுப்பு.
அந்த வாங்குக்கு முன்னால்
இரசாயனம் படிப்பிக்க ஒருவரும் இருந்திருக்கமாட்டார்,
அதுவும் தெரியும்.
பதினொரு வருடமாக இரண்டையும் சொல்வதில்லை.
மாலுபணிஸை நீட்டுகிறோம்.

கதை நடத்துகிறவன் நான். தீர்ப்பும் என்னுடையது.
பகலில் காப்புறுதிக் கம்பனியில்
ஆட்களின் ஆயுளுக்கு விலை போடுகிறேன்,
அதற்கு அட்டவணை இருக்கிறது.
இதற்கு இல்லை.
யோசித்துக்கொண்டிருக்க
ஏழு பத்துக் கோச்சி வந்தது.

ஜன்னல் கிலுங்கிற்று. கோப்பை நகர்ந்தது.
பிளேன்ரீயைப் பிடிக்க நிமலரூபன் கையை விரித்தான்.
நாலும் விழுந்தன.

ஆறு. ஆறு. ஐந்து.
கடிபட்டது மட்டும் பிஸ்கட் ரின்னில் சாய்ந்து நின்றது,
எந்த முகத்தையும் ஒப்புக்கொள்ளாமல்.

"கணக்கில்லை" என்றான் ருஷ்தி,
"அவன் எங்கே போட்டான், கோச்சியல்லவா போட்டது."
"மற்றதெல்லாம் ஆர் போட்டது?" என்றாள் திலினி.

ரின்னை அவனே மெல்ல இழுத்தான்.
கட்டை படுத்தது. ஒன்று.
கழிக்கவேண்டியது அதுதான்.

"பதினேழு" என்றேன். "எழுது."

பென்சிலை எடுத்தவன் எழுதவில்லை.
கடைசிப் பெட்டி பாணந்துறைப் பக்கம் போய் மறையும்வரை
காத்திருந்தான்.
மேசை அடங்கியது. கடல் கேட்டது.
நாலையும் பொறுக்கி, சட்டையில் துடைத்து,
"இப்ப நான் போடுறன்" என்றான்.

நாலு, மூன்று, இரண்டு, இரண்டு.

ஒன்பது.
அழுத்தி எழுதினான்,
கடதாசியின் மறுபக்கம் புடைக்க.
அழிறப்பரை ருஷ்தி மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அடுத்தது லாவகம்" என்றேன்.
கட்டைகள் ஏற்கெனவே அவன் கையில் இருந்தன.