எட்டு, இரண்டு, ஒன்பது

என் மனைவி கிளெனிஸ் ரயில் சேகரிக்கிறாள்.
பயப்படாதீர்கள், வீட்டில் ஒன்றும் நிறுத்திவைக்கவில்லை.
கண்ணால் பார்த்த வண்டியின் எண்ணுக்குக் கீழே
அடிமட்டம் வைத்து ஒரு சிவப்புக் கோடு.
அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த ரயில் அவளுடையது.

இந்தத் தடத்து வண்டிகளில்
இன்னும் கோடு விழாதது ஒன்றே ஒன்று.
829.
பதினொரு வருடமாய் ஒளிந்து விளையாடுகிறது.
அவள் கிளம்பும் நாளில் பணிமனையில் படுத்துக்கொள்ளும்.
அவளுக்குக் காய்ச்சல் என்றால்
அன்று நாள் முழுக்க ஓடும்.

புதன்கிழமை. விடியவில்லை. வேல்ஸ் மழை,
மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வருகிற மழை.
ஃபிளாஸ்கும் முட்டை சாண்ட்விச்சும் என் பொறுப்பு.
கால அட்டவணை, பைனாகுலர், நம்பிக்கை அவள் பொறுப்பு.

முதலில் டவி ஜங்ஷன்.
அந்த நிலையத்துக்குச் சாலையே கிடையாது.
சதுப்பு, நாணல், ஒரு ஒற்றையடிப் பாதை,
தடம் இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு பிளாட்பாரம்.
'இங்கே யார் வருவார்கள்?'
'நாம் வந்திருக்கிறோமே.'
இரண்டு வண்டி வந்தது. 821. 836.
இரண்டும் பழைய சொந்தம்.
கல்யாண வீட்டில் தூரத்து உறவைப் பார்த்ததுபோல்
தலையை மட்டும் ஆட்டினாள்.

பிறகு வடக்கே போகிற வண்டி.
கழிமுகம் ஜன்னலுக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொண்டது.
அடுத்து நாங்கள் இறங்க வேண்டிய டோன்வனையில்
கேட்டால்தான் நிற்பார்கள்.
கார்டிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று
பின்பெட்டிக்குப் போனாள்.
கார்டு இட்வாலுக்கு முழங்கால் வலி.
அதையும் விசாரித்துவிட்டுத்தான் வருவாள்.

தவின் நிலையத்தில் நின்றோம்,
எதிர்வண்டிக்கு வழிவிட.
வந்தது. நிதானமாக. கையை நீட்டினால் தொடலாம்.
நான் சாண்ட்விச் காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.
நெற்றி முழுக்கச் சேறு. ஒரு வைப்பர் கோணல்.
அதற்குக் கீழே
எட்டு.
இரண்டு.
ஒன்பது.

மூச்சிரைக்க ஓடிவந்தாள்.
'அங்கே கண்ணாடியெல்லாம் ஆவி. துடைப்பதற்குள் போய்விட்டது.
எண் பார்த்தாயா?'
'ஒரே சேறு' என்றேன்.
பொய் இல்லை. சேறு இருந்தது.

அவள் சட்டம் அப்படி.
தன் கண் பார்க்காதது கணக்கில் சேராது.
கணவனாக இருந்தாலும்
கண்ணைக் கடன் வாங்கக்கூடாது.
சொன்னால் கோடும் விழாது, தூக்கமும் வராது.

டோன்வனையில் இறங்கியது நாங்கள் இருவர் மட்டும்.
எப்போதோ இருந்த ராணுவ முகாமின் சிமென்ட் தரைமேல்
ஆடுகள் மேய்ந்தன.
திரும்பும் வண்டிக்கு இரண்டு மணி நேரம்.
அந்தச் சின்னக் கொட்டகையில் முட்டி இடிக்க உட்கார்ந்து
மூன்று தடவை வாயைத் திறந்தேன்.
மூன்று தடவையும் தேநீர் ஊற்றினேன்.

'உடைக்கப் போட்டுவிட்டார்களோ அதை?' என்றாள்,
கடலைப் பார்த்து.
'இல்லை.'
'உனக்கெப்படித் தெரியும்?'
'ஓடிக்கொண்டுதான் இருக்கும்.'
கொஞ்சம் அழுத்தியே சொல்லிவிட்டேன்போல.
திரும்பி என்னைப் பார்த்தாள்.
பிளாட்பார விளிம்பில் நின்று
வருகிற வண்டியின் நெற்றியைப் படிப்பாளே,
அந்தப் பார்வை.
பிறகு கோப்பையை நீட்டினாள். 'இன்னும் கொஞ்சம்.'

இருட்டும் நேரத்தில்
அவள் கையை நீட்ட, வண்டி நின்றது.
824. பழைய சொந்தம்.
என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.
அவள் பையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவி,
மருந்துக்கடை ரசீதின் பின்பக்கம்
மூன்று இலக்கம் எழுதினேன். கீழே ஒரு கோடு.
அடிமட்டம் இல்லை, வண்டியும் குலுங்கியது.
கோணலாய்ப் போயிற்று.

மகன்லெத்தில் எழுப்பினேன்.
'அடுத்த புதன் எங்கே?' என்று கேட்டேன்.
முப்பத்திரண்டு வருடத்தில்
அதை நான் கேட்டது
அதுதான் முதல் தடவை.